உயிரைக் காக்கும் நாடா!

குட்டீஸ்! சென்னிமலை என்றதும் முருகன் கோயிலும், கைத்தறிப் போர்வையும் நினைவுக்கு வரும். தறியில் பாவும் ஊடையும் சேர்ந்து போர்வை ஆகிறது அல்லவா? அதேபோல நெய்யப்பட்ட ஒரு பொருள் காருக்குள்ளும் இருக்கிறது. அதுதான் சீட் பெல்ட்!

சுமார் 5 செ.மீ. அகலமுள்ள இந்த நாடாவில், நூற்றுக்கணக்கான பாலியஸ்டர் இழைகள் நெருக்கமாக நெய்யப்பட்டிருக்கும். மெதுவாக இழுத்தால் நீளும். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும்.

மார்பையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இந்த பெல்ட்டை வடிவமைத்தவர், ஸ்வீடன் பொறியாளர் நீல்ஸ் போலின். 1959-ல் வோல்வோ கார்களில் இது வந்தது. உயிர் காக்கும் பொருள் என்பதால், மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த வோல்வோ அனுமதித்தது.

பின் சீட்டிலும் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும்! மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் மோதி நின்றாலும், உள்ளே இருப்பவர் அதே வேகத்தில் முன்னே பாய்வார். இது சுமார் 14 மீட்டர் உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். முன் சீட்டின் முதுகு அவரைக் காப்பாற்றாது.

தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி, 2022 செப்டம்பர் 4-ல் மகாராஷ்டிராவின் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தார். பின் சீட்டில் இருந்த அவரும் நண்பரும் பெல்ட் அணியவில்லை. இருவருமே இறந்தனர். முன் சீட்டில் இருந்த இருவர் காயத்துடன் பிழைத்தனர்.

14 வயது நிறையாத பிள்ளை பெல்ட்டோ, குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் வந்தால், ஓட்டுநருக்கு ரூ.1,000 அபராதம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

மூன்று நொடி... 50 மீட்டர்!

அதே 60 கி.மீ. வேகத்தில், ஓட்டுபவர் மூன்று நொடி போனைப் பார்த்தால், கார் 50 மீட்டர் ஓடிவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியது மாதிரிதான்!

நீங்கள் செய்ய வேண்டியவை:

* பெல்ட் இடுப்பு எலும்பின் மீதும், தோளின் மீதும் படிய வேண்டும். கழுத்தை உரசினால், உங்கள் உயரத்துக்கு ஏற்ற குழந்தை இருக்கை தேவை.

* ஒரே பெல்ட்டை இருவர் போடக்கூடாது. தம்பி, தங்கையை மடியில் வைக்கவும் கூடாது.

* ஓட்டுபவரிடம் போனை நீட்டாதீர்கள். பின்னால் இருந்து சண்டை போட்டு அவரைத் திரும்ப வைக்காதீர்கள்.

பக்கத்து ஊர் அப்புச்சி வீட்டுக்குப் போனாலும் சரி, பெருந்துறை தாண்டி கோவை நெடுஞ்சாலையில் போனாலும் சரி... எல்லா பெல்ட்டும் 'கிளிக்' என்ற பிறகே வண்டி கிளம்ப வேண்டும். அப்பா மறந்தால், நீங்கள் நினைவுபடுத்துங்கள்!