தீட்டுகல்லும் பேர்க்கணக்கும்: வெட்டுக் கருவிகளின் பேணுகை பற்றிய ஒரு நோக்கு

உற்பத்திச் சாதனங்களின் உடைமை பற்றிப் பேசப்படும் அளவிற்கு அவற்றின் பேணுகை பற்றிப் பேசப்படுவதில்லை. ஒரு கருவி யாருக்குரியது என்னும் வினா முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயின், அதனைத் துடைத்துத் தீட்டி எண்ணெயிட்டு ஈரம் படாது வைப்பவர் யார், அவ்வேலை எந்நேரத்திற் செய்யப்படுகின்றது, அந்நேரத்திற்குக் கூலி உண்டா ஆகிய வினாக்களும் அதனோடு சேர்த்தே எழுப்பப்பட வேண்டியவை. கண்டியைச் சூழ்ந்த தேயிலை மலைகளிற் பயன்படும் வெட்டுக் கருவிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க முயல்வோம்.

1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் வணிக நோக்கிலான தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். அதே ஆண்டிலேயே மார்க்சின் ‘மூலதனம்’ முதலாம் பாகமும் வெளிவந்தது. தற்செயலான இப்பொருத்தம் நமக்கு ஒருவகையிற் பயன்படுகின்றது. இயந்திரத்தின் பௌதிகத் தேய்வு, பயன்படுத்துவதாலும் பயன்படுத்தாது விடுவதாலும் நிகழ்வது என அந்நூல் இரண்டாகப் பிரித்து நோக்கும். முதலாவதற்குத் தீட்டுதலும் இரண்டாவதற்குச் சேமித்து வைத்தலும் மாற்றாகும். இரண்டுமே மனித உழைப்பு.

தேயிலைச் செடி ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துச் செய்யப்படுகின்றது. உயரம் கூடக்கூட இவ்விடைவெளியும் நீளும். கவ்வாத்துக் கத்தி கூராக இருப்பின் வெட்டு வழவழப்பாகவும் மழைநீர் வழிந்தோடும்படி சாய்வாகவும் அமையும். மழுங்கிய கத்தியோ கொப்பைப் பிளந்துவிடும். பிளவு ஆறுவதற்கு முன் பூஞ்சணம் புகுந்து தண்டை உக்கச் செய்யும். ஆகவே ஒரு காலைப்பொழுதிற் கத்தி தீட்டப்படாமற் போனதன் விளைவைச் செடி பல ஆண்டுகள் சுமக்க நேரிடும்.

தொழிலாளர் தொகை குறைந்துவரும் இக்காலத்தில் கைக்கத்தரியும், இயந்திர விசையால் இயங்கும் கொழுந்து பறிக்கும் கருவியும், கவ்வாத்து இயந்திரமும் மலைகளுக்கு வந்துள்ளன. இவற்றுட் கொழுந்து பறிக்கும் கருவி, செம்மறியாட்டின் உரோமத்தைக் கத்தரிக்கும் கைக்கருவிக்கு உறவினது எனலாம். உரோமக் கருவியில் அசையாத சீப்பொன்றின்மீது வெட்டலகு இருபுறமும் விரைந்து அசைகின்றது. தேயிலைக் கருவியிலும் பற்கள் கொண்ட அலகுகள் ஒன்றன்மீதொன்று உராய்ந்தே கொழுந்தை வெட்டுகின்றன. இரண்டிற்கும் விதி ஒன்றே. அலகுகளை மிகையாக இறுக்கினால் அவை சூடேறித் தேயும். தளரவிட்டால் வெட்ட வேண்டியது இடையிற் சிக்கிக் கிழியும். கிழிந்த கொழுந்து தொழிற்சாலையை அடையுமுன்பே சிவக்கத் தொடங்குவதால் தேயிலையின் தரம் குன்றும்.

அன்றாடப் பேணுகை எளியதே. வேலை முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி, பிளக் கம்பியைக் கழற்றிய பின்னரே அலகிற் கை வைத்தல் வேண்டும். பற்களிடையே ஒட்டியுள்ள இலைச்சாற்றை அது காயுமுன் துடைத்தெடுத்து, மெல்லிய எண்ணெய் பூசி, ஆணிகளின் இறுக்கத்தைச் சரிபார்த்து, உறையிட வேண்டும். காற்று வடிகட்டியிற் படிந்த தூசியையும் அகற்றுதல் அவசியம்.

நீண்டகாலம் சேமித்து வைப்பதாயின் மேலும் சில செய்ய வேண்டும். தாங்கியிலுள்ள பெற்றோலை வடித்து, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் காபரேட்டரில் எஞ்சிய எரிபொருள் பிசினாக உறையாது. பின்னர் பிளக்கைக் கழற்றி, உருளையினுள் சில துளி எண்ணெய் விட்டு, இழுகயிற்றை மெதுவாக இழுத்தால் எண்ணெய் உட்புறமெங்கும் பரவும். தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி கார்த்திகை மழையும், காலைப் பனிமூட்டமும் மாறிமாறி வரும் இம்மலைகளில் இரும்பின் முதற் பகை ஈரமாகும். ஆதலால் கருவியை மண்தரையில் வையாது உலர்ந்த இடத்திற் பலகையின்மேல் வைத்தல் நன்று. உர மூட்டைகளுக்கு அருகே வைப்பது பெருந்தவறு. உரத்தின் உப்புகள் காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரித்துவிடும்.

இவையாவும் தொழில்நுட்ப அறிவுரைகளாகவே தோன்றும். ஆயின் இவற்றுக்கு வேண்டிய நேரம் யாருடையது? பறித்த கொழுந்தின் நிறையும் வெட்டிய செடிகளின் தொகையும் ‘பேர்’ விழுவதற்கு அளவுகோலாகுமிடத்து, கத்தி தீட்டிய நேரமும் அலகு துடைத்த நேரமும் அவ்வளவுகோலிற் புலப்படா. குறித்த அளவை எட்டாதவருக்கு அரைப்பேர் எனின், தீட்டுதலில் நேரம் செலவிடுபவர் தம் கூலியையே பணயம் வைக்கின்றார். தீட்டாதவரோ மழுங்கிய அலகைத் தம் தோள்வலியால் ஈடுசெய்கின்றார். எவ்வழியிலும் செலவு தொழிலாளியையே சேர்கின்றது. தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றுட் பெரும்பாலானவற்றின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. உடைமையும் நிருவாகமும் மாறியபோதும் தீட்டும் நேரம் யாருடையது என்னும் வினா மாறவில்லை.

கருவியின் நுட்பம் வர்க்கப் பிரச்சினையாவது புதிதன்று. 1888 இல் நியூ சவுத் வேல்சின் டன்லொப் பண்ணையில் வூல்ஸ்லியின் இயந்திரத்தால் ஆட்டுமந்தை முழுவதும் கத்தரிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 1983 இல், அக்கருவியின் சீப்பு எவ்வளவு அகலமாக இருக்கலாம் என்பதே அவுஸ்திரேலியாவில் வேலைநிறுத்தத்துக்குக் காரணமாயிற்று. சில மில்லிமீற்றர் இரும்பில் வேலைப்பளுவும் வேலைவாய்ப்பும் கூலிவீதமும் அடங்கியிருப்பதை அத்தொழிலாளர் நன்கறிந்திருந்தனர்.

மற்றொன்றையும் இவ்விடத்து மனங்கொள்ளல் வேண்டும். கையாற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு விரலே கருவி. அக்கருவி இரவில் லயத்திற் சேமிக்கப்படுகின்றது. உணவு, உறக்கம், மருந்து ஆகியனவே அதன் எண்ணெயும் தீட்டுகல்லும். அச்சமையலையும் பராமரிப்பையும் பெரும்பாலும் அவளே கூலியின்றிச் செய்கின்றாள்.

மலையக இலக்கியத்தை நோக்குவோர் கொழுந்துக் கூடையை மீண்டும் மீண்டும் சந்திப்பர். தீட்டுகல்லை அவ்வாறு சந்திப்பது அரிது. ஹந்தானையில் 1925 இல் எழுந்த தொழிற்சாலைக் கட்டடம் 2001 முதல் தேயிலை அரும்பொருட் காட்சியகமாக உள்ளது. அங்கு பழைய இயந்திரங்களைக் காணும் ஆய்வாளர், அவற்றை இயங்குநிலையில் வைத்திருந்த நேரம் எந்தப் பேர்ப்புத்தகத்தில் ஏறியது என்றும் வினவுவாராக. தீட்டும் நேரத்தையும் வேலைநேரமாகக் கணக்கிட வேண்டும் என்னும் கோரிக்கை சிறியதாகத் தோன்றலாம். ஆயின் பேணுகையும் உழைப்பே என்னும் கோட்பாடு நடைமுறையில் ஏற்கப்படுவதற்கு அதுவே முதற்படியாகும்.