மின்மினியும் டாக்டர் ஸுப்பராவும்

நாஞ்சில் நாட்டில் மழை விட்ட இரவில் குளக்கரைப் புதரிலும் வயல் வரப்பிலும் மின்மினியைக் கண்டு வளராதவர் இரார். கையில் பிடித்தால் அது சுடுவதில்லை. நம் விளக்கில் எண்ணெயின் பெரும்பகுதி உஷ்ணமாகவே வீணாகிறது. இப்பூச்சியின் வெளிச்சத்திலோ உஷ்ணம் இல்லையென்றே சொல்லலாம். இந்த ரகசியம் வெளியான வரலாற்றில் சென்னை வைத்தியக் கல்லூரி மாணவர் ஒருவருக்கும் பங்குண்டென்பதை நம்மவரில் அநேகர் அறியார்.

1880-களில் பிரெஞ்சு அறிஞர் ரபேல் துபுவா, மின்மினிக்கு உறவான ஒளிவண்டின் ஒளியுறுப்பை அரைத்துக் குளிர்ந்த நீரில் கரைத்தார். சற்று ஒளிர்ந்து அது அணைந்தது. இன்னொரு பங்கை வெந்நீரில் இட்டார், அதுவும் இருண்டது. ஆறியபின் இரண்டையும் கலந்தார்; மீண்டும் ஒளி பிறந்தது! வெந்நீரில் தப்பி நின்ற எரிபொருளுக்கு லூஸிபெரின் என்றும், சூட்டில் கெட்டுப்போகும் என்ஸைமுக்கு லூஸிபெரேஸ் என்றும் பெயரிட்டார். அம்மியும் அடுப்பும் இரண்டு கிண்ணமும் இருந்தால் நம் கிராமத்துப் பள்ளியிலும் நடத்தக்கூடிய சோதனைதான்.

ஆனால் மின்மினிச் சாறு விரைவில் இருண்டுவிடுவதேன்? 1947-ல் பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் வில்லியம் மக்கெல்ராய் இதற்கு விடை கண்டார். அணைந்த சாற்றில் ஏ.டி.பி. என்னும் பொருளைச் சேர்த்ததும் ஒளி எழுந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கு நூறு பூச்சிக்கு 25 ஸென்ட் கூலி கொடுத்து அவர் மின்மினி சேர்த்தார். வால்களை உலர்த்தி இடித்து, நீரில் வடித்து, உப்பினால் படியவைத்து, 1956-ல் அவரும் ஆர்டா கிரீன் என்ற பெண்மணியும் அந்த என்ஸைமைப் படிகமாகவே எடுத்துவிட்டனர். 1985-ல் அதன் ஜீனும் தனியே கைக்கு வந்தது. இப்பொழுது அதைக் கிருமிகளைக் கொண்டே உண்டாக்குகிறார்கள். பூச்சியைக் கொல்ல வேண்டியதில்லை. உயிருள்ளவற்றிலெல்லாம் ஏ.டி.பி. இருப்பதால், பால் பண்ணைப் பாத்திரத்தில் அழுக்கோ கிருமியோ எஞ்சியிருப்பதை இந்த ஒளியே காட்டிக்கொடுக்கிறது.

அந்த ஏ.டி.பி.யை 1929-ல் ஹார்வர்டில் பிஸ்கேயுடன் சேர்ந்து கண்டெடுத்தவர் யார்? பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட ஸுப்பராவ். அதே ஆண்டில் ஜெர்மானியர் லோமனும் தனியே அதைக் கண்டார் என்பதையும் சொல்வதுதான் நியாயம். காந்தியடிகளின் அழைப்புக்கிணங்கிக் கதருடுத்தியதால் ஸுப்பராவ் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டத்துடனேயே 1923-ல் அமெரிக்கா சேர்ந்தார். பட்டத்தைக் குறைக்க முடிந்தவர்களால் மூளையைக் குறைக்க முடியவில்லை. மின்மினியின் செய்தி வெளியான மறு ஆண்டே, 1948-ல், தாம் பிறந்த நாட்டை மீண்டும் காணாமல் அவர் அமெரிக்காவிலேயே காலமானார்.