இரட்டை அங்கத்தவர் தொகுதி

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதி வழியே தெற்கே சென்றால், தமிழூர்களின் நடுவே முஸ்லிம்கள் நெருங்கி வாழும் காத்தான்குடியை அடையலாம். வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய இந்நிலத்தைச் சமூகவாரியாகத் தொகுதி பிரிப்பது எளிதன்று. 1960 மார்ச் தேர்தல் முதல் மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதியாயிற்று. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே அளிக்கலாம், பிரித்தும் அளிக்கலாம். சிறுபான்மையோர் ஒருவருக்கே இரண்டையும் இட்டால் அவர் தெரிவாவது கூடும் என்பதே இதன் உட்கருத்து.

1965இல் செல்லையா இராசதுரையுடன் அப்துல் லத்தீப் சின்னலெப்பையும் தெரிவானார். ஆயின் 1970இல் இராசதுரையும் பி. ஆர். செல்வநாயகமும் வென்றனர், முஸ்லிம் அங்கத்தவர் எவருமிலர். சட்டம் வாய்ப்பைத் தந்ததேயன்றி ஆசனத்தை ஒதுக்கி வைக்கவில்லை! 1977இல் பரீத் மீராலெப்பை தெரிவாகவே அவ்விடம் மீண்டும் கிட்டியது.

1978ஆம் ஆண்டு யாப்பு வகுத்த விகிதாசார முறையில் முதற் பொதுத்தேர்தல் 1989இல் நடைபெற்றது. இன்று மாவட்டம் முழுவதற்கும் ஐந்து ஆசனங்கள். வாக்காளர் ஒரு கட்சியையோ சுயேச்சைக் குழுவையோ தேர்ந்து, அதன் வேட்பாளருள் மூவர் வரைக்கும் விருப்பு வாக்கிடலாம். சிறிய சமூகத்துக்கு இம்முறை ஓரளவு உறுதி தருகிறது. எனினும் ஒன்று கைநழுவிற்று. முன்பு காத்தான்குடி வாக்காளர் ஒருவர், ஒரு வாக்கைத் தம்மூராருக்கும் மற்றதை வேறு கட்சியைச் சேர்ந்த அயலூர்த் தமிழருக்கும் இடலாம்; இன்றோ விருப்பு வாக்கு ஒரே பட்டியலின் வேலியைத் தாண்டாது.