மருந்தின் குற்றமன்று

குஷ்டரோகம் தீராதென்று நம்பியிருந்த காலம் மலையேறிவிட்டது. 1981-ம் வருஷம் உலக சுகாதார ஸ்தாபனம் சிபார்சு செய்த கூட்டு மருந்துச் சிகிச்சையால், இன்று அது ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் குணமாகிறது. ஆனால் நடுவே ஒரு சங்கடம் நேரிடுவதுண்டு. பழைய தேமல்கள் திடீரென்று சிவந்து வீங்கும். அல்லது காய்ச்சலுடன் தோலில் நோவுள்ள முடிச்சுகள் எழும்பும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டார் அதை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் பெரும் பிசகு!

கிருமிகளையும், இறந்த கிருமிகளின் மிச்சத்தையும் எதிர்த்து உடம்பே நடத்தும் போர் இது. நரம்புகள் அதில் சிக்கினால் விரல் மடங்கலாம், பாதம் தொங்கலாம். கண் சிவந்து வலித்தால் பார்வைக்கே அபாயம். நோவின்றியும் நரம்பு கெடுவதுண்டு. ஆகையால், சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, செருப்பு அறியாமலே கழன்றுவிடுகிறதா என்று கவனியுங்கள்.

சந்தேகம் தோன்றிய அன்றே வைத்தியரை நாட வேண்டும். நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் அவர் பிரெட்னிசோலோன் மாத்திரையைப் பல வாரங்கள் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். அதை நாமாக நிறுத்தலாகாது. கூட்டு மருந்தும் தொடர வேண்டும். பலவீனம் ஆறு மாதத்துக்கு உட்பட்டதாயின் மீள்வதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. சிகிச்சை முடிந்த பின்னரும் இது தோன்றலாம். நோய் திரும்பிவிட்டதென்று உடனே மனமொடிய வேண்டியதில்லை.