இரத்தம் சொல்லும் இதயச் செய்தி

ஒரு கிலோமீட்டர் நீளமும், ஒரு கிலோமீட்டர் அகலமும், ஒரு மீட்டர் ஆழமும் உள்ள ஏரியொன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் நூறு கோடி லிட்டர் நீர் இருக்கும். 14 கிராம் உப்பை அதில் கரைத்துவிட்டு, ஒரு குவளை நீரை மொண்டு, "இதில் உப்பு எவ்வளவு?" என்று கேட்டால் சிரிப்பீர்கள் அல்லவா? மருத்துவமனை ஆய்வுக்கூடங்களில் இத்தகைய அளவீடு நாள்தோறும் நடைபெறுகிறது. அங்கே தேடப்படுவது உப்பன்று. டிரோபோனின் என்னும் புரதம்.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்பவை கொரோனரி தமனிகள். இவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழி அடைபட்டால், தசைச் செல்கள் ஆக்சிஜனின்றி மடிகின்றன. இதுவே மாரடைப்பு. மடிந்த செல்களிலிருந்து சில பொருள்கள் இரத்தத்தில் கசிகின்றன.

1954-ஆம் ஆண்டு நியூயார்க்கில் லாடியூ, ரோபுலெவ்ஸ்கி, கார்மன் ஆகியோர் மாரடைப்பு நோயாளிகளின் இரத்தத்தில் டிரான்ஸமினேஸ் என்ற நொதி மிகுவதை வெளியிட்டனர். ஆனால் கல்லீரல் நோயிலும் அந்நொதி மிகும்! இதயத்திற்கே உரிய அடையாளம் தேவைப்பட்டது. தசைச் சுருக்கத்தை ஒழுங்குபடுத்தும் டிரோபோனினை 1960-களில் ஜப்பானிய அறிஞர் எபாஷி கண்டறிந்தார். இதயத் தசையிலுள்ள டிரோபோனின், கை கால் தசைகளில் உள்ளதிலிருந்து சற்று வேறுபட்டது. அவ்வேறுபாட்டை இனங்காணும் சோதனைகள் 1980-களில் உருவாயின.

இதனை எவ்வாறு அளக்கிறார்கள்? ஓர் எதிர்ப்பொருள் டிரோபோனினைப் பற்றிக்கொள்கிறது. ஒளிரும் பொருள் இணைத்த மற்றோர் எதிர்ப்பொருளும் அதில் ஒட்டுகிறது. வெளிப்படும் ஒளியை அளந்தால் விடை கிடைக்கும். டிரோபோனின்-டி சோதனை ஒன்றில், நலமுள்ள 100 பேரில் 99 பேருக்கு லிட்டருக்கு 14 நானோகிராமுக்கு மேல் இராது. நம் ஏரி உப்பின் அளவும் அதுவே!

ஆனால் ஓர் எச்சரிக்கை. வலி தொடங்கியவுடன் எடுத்த இரத்தத்தில் டிரோபோனின் மிகாமல் இருக்கலாம். கசிவு தெரியச் சில மணி நேரம் ஆகக்கூடும். சிறுநீரக நோயாளிக்கோ மாரடைப்பு இல்லாமலே மிகுந்திருக்கலாம். எனவே ஓரிரு மணி நேரம் கழித்து மீண்டும் அளந்து, அளவு மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு வண்டியின் வேகத்தை அறிய, அது நிற்கும் இடத்தை ஒரு முறை மட்டும் குறித்தால் போதுமா? இரு நேரங்களில் குறிக்க வேண்டும் அல்லவா? அதே கணக்குத்தான் இங்கும். ஈ.சி.ஜி.யிலேயே பெரிய அடைப்புத் தெளிவாகத் தெரிந்தால், இரத்த முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள்.

வீட்டில் பெரியவர் எவருக்கேனும் நெஞ்சுவலி வந்தால், "வாயுத் தொல்லைதான்" என்று சோடா குடித்துக் காத்திருக்க விடாதீர்கள்; உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். "முதல் சோதனை சரியாயிருக்கிறதே, எதற்கு மறுபடியும் ஊசி?" என்று அவர் எழுந்தால், இந்த வண்டிக் கணக்கைச் சொல்லி அவரை அமர வையுங்கள்.