வாணலியில் மிஞ்சும் எண்ணெய் எங்கே போகிறது?

மயிலாப்பூரின் மாடவீதிகளிலும் தியாகராய நகரின் உஸ்மான் சாலையிலும் அடையாற்றின் கடைத்தெருக்களிலும் வடை, பஜ்ஜி, முறுக்கு, மிக்சர் பொரித்தெடுத்த பிறகு வாணலியில் மிஞ்சும் கறுத்த எண்ணெய், வேதியியல் நோக்கில், டீசலாகவும் விமான எரிபொருளாகவும் மாற்றத்தக்க மூலப்பொருளாகும். பயிர்க்கழிவு, சாணம், காய்கறிக் கழிவு, கொழுப்பு என உயிர்களிடமிருந்து கிடைக்கும் பொருள்களை உயிரித்திரள் என்றும், ஒரு வட்டாரம் தன்னிடமுள்ள உயிரித்திரளைக் கொண்டே எரிபொருளும் உரமும் ஆக்கிக்கொள்ளும் ஏற்பாட்டை வட்டார உயிரிப் பொருளாதாரம் என்றும் குறிப்பிடுவர். நெல் விளையும் ஊர்களுக்கு வைக்கோல் எப்படியோ, ஓட்டல்களும் பலகாரக் கடைகளும் நெருங்கியிருக்கும் தென்சென்னைக்குப் பழைய எண்ணெய் அப்படி. ஆனால் வைக்கோல் அறுவடை முடிந்ததும் வயலிலேயே குவிந்து கிடக்க, எண்ணெயோ எண்ணற்ற அடுப்புகளில் சில லிட்டர்களாகச் சிதறிக் கிடப்பதோடு, சட்டிக்குச் சட்டி தரத்திலும் மாறுபடுகிறது.

தர மாறுபாட்டின் காரணம் எளிது. எண்ணெய் 180 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் மீண்டும் மீண்டும் காயும்போது, மாவிலிருந்து வெளியேறும் நீராவியும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதன் மூலக்கூறுகளைச் சிதைப்பதால், ‘முனைவுச் சேர்மங்கள்’ எனப்படும் பொருள்கள் அதில் பெருகுகின்றன. இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி; 2018 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. எண்ணெயை மூன்று முறைக்கு மேல் காய்ச்ச வேண்டாம் என்ற அறிவுரையும் உண்டு. ஆனால் சட்டியில் எண்ணெய் குறையக் குறையப் புது எண்ணெயை ஊற்றிக்கொண்டே போகும் கடைவழக்கத்தில் எது முதல் முறை, எது மூன்றாம் முறை என்று எவரும் எண்ணிச் சொல்ல முடியாது. அளவிடத்தான் முடியும். அதற்கென உள்ள கையடக்கக் கருவியின் நுனியைச் சூடான எண்ணெயில் அமிழ்த்தினால், சேர்மங்கள் பெருகப் பெருக எண்ணெயின் மின்பண்பு மாறுவதைக் கொண்டு, சில நொடிகளில் சதவீதம் திரையில் தெரிந்துவிடும்.

உண்பவரின் உடல்நலத்துக்காக எடுக்கப்படும் இந்த அளவீடு எரிபொருள் ஆலைக்கும் உதவக்கூடியது. எண்ணெயுடன் மெத்தனாலும் காரமும் சேர்த்து வினைப்படுத்தினால் பயோடீசலும் கிளிசரினும் பிரியும். எண்ணெய் அளவுக்கு மீறிச் சிதைந்து கொழுப்பு அமிலம் கூடியிருந்தால் காரம் அதனுடன் சேர்ந்து சோப்பாகி, பயோடீசலைப் பிரித்தெடுப்பதே தொல்லையாகும். வந்து சேரும் எண்ணெயின் நிலை முன்கூட்டியே தெரிந்தால்தான் ஆலை அதற்கேற்பச் செயல்முறையை மாற்றிக்கொள்ள முடியும்.

இத்தகைய எண்ணெயின் தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு போதும். பன்னாட்டு விமானங்களில் 2027இல் 1 சதவீதமும் 2030இல் 5 சதவீதமும் பசுமை எரிபொருளைக் கலப்பது இந்தியாவின் இலக்கு. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பானிபட் சுத்திகரிப்பு ஆலை, பழைய சமையல் எண்ணெயிலிருந்து அத்தகைய எரிபொருள் தயாரிப்பதற்கான சர்வதேசச் சான்றிதழை 2025 ஆகஸ்டில் பெற்றது. அங்கு திட்டமிடப்பட்ட உற்பத்தி ஆண்டுக்கு 35,000 டன். நாள்கணக்கில் அது ஏறக்குறைய 96 டன். அதே எடையுள்ள பழைய எண்ணெயைத் திரட்டவே, கடைக்கு ஐந்து லிட்டர் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளின் வாசலில் ஒவ்வொரு நாளும் வண்டி நின்றாக வேண்டும். எரிபொருளின் அடக்கவிலை ஆலையில் மட்டுமல்ல, தெருவிலும் ஏறுகிறது.

டிஜிட்டல் தொழில்நுட்பத்துக்கு வேலை இருப்பது இந்தத் தெருவில்தான். கேனில் ஒட்டிய கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் படித்து, எடை, முனைவுச் சேர்ம அளவு, நேரம், இடம் ஆகியவற்றைக் கடைவாசலிலேயே பதிவு செய்யலாம். எந்தக் கேன் நிரம்பும் தறுவாயில் இருக்கிறது என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து கணித்து, அன்றைய வண்டிப் பாதையைக் கணினியே வகுக்கலாம். அந்தக் கணிப்புக்கு ஊர்ப்பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும்: தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பலகாரக் கடைகளிலும், மார்கழியில் இசை சபாக்களின் கேன்டீன்களிலும் எண்ணெய் பெருகும்; மற்ற மாதங்களின் சராசரியை வைத்துப் போட்ட பாதை அப்போது பயன்படாது.

பதிவேட்டின் மற்றொரு பயன் மோசடியைத் தடுப்பது. ஐரோப்பாவில் பழைய எண்ணெயிலிருந்து பெற்ற எரிபொருளைப் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் இலக்கில் இரு மடங்காகக் கணக்கிடச் சட்டம் இடம் தந்ததால், ஆசியாவிலிருந்து வருவது உண்மையிலேயே பழைய எண்ணெய்தானா, பழையது என்று பெயர் சூட்டப்பட்ட புதிய பாமாயிலா என்ற ஐயம் எழுந்தது. ஒவ்வொரு கைமாற்றத்தையும் பதியும் தரவுத்தளத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆயினும் கணினி பொய்யான எண்ணையும் மெய்யான எண்ணையும் ஒரே நேர்த்தியுடன் சேமித்து வைக்கும். ஒரு கடை வாங்கிய புது எண்ணெயிலிருந்து, பலகாரம் உறிஞ்சியது போக மிஞ்ச வேண்டிய அளவை, அது விற்ற பழைய எண்ணெயோடு ஒப்பிடும் சரிபார்ப்பு இல்லையென்றால் பதிவேடு வெறும் அலங்காரம்தான்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்டில் தொடங்கிய ‘ரூக்கோ’ திட்டம், பழைய எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்க வழி வகுத்தது. 2019 மார்ச் முதல், பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவிடும் நிறுவனங்கள் பதிவேடு வைத்திருப்பதும், மிஞ்சியதை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர்களிடமே ஒப்படைப்பதும் கட்டாயமாயின. பெரிய ஓட்டல்கள் இவ்வாறு கணக்குக்குள் வந்துவிட, தெருமுனை பஜ்ஜிக் கடை வெளியே நிற்கிறது. அந்தக் கடைக்காரருக்குச் செயலியைக் கற்றுக்கொடுப்பதற்கு முன், பழைய எண்ணெயை மறுபடியும் பொரிக்க வாங்குபவர் கொடுக்கும் விலையையாவது கடைவாசலிலேயே ரொக்கமாகக் கொடுக்கச் சேகரிப்பாளர்கள் முன்வர வேண்டும். அது நடக்காதவரை அவர் எண்ணெய் அடுத்த வாணலிக்குத்தான் போகும்.