இடம் பெயர்ந்த நீரூற்று

இத்தாலி நாட்டின் தென்கோடியில் உள்ள சிசிலித் தீவின் தலைநகரம் பலெர்மோ. அந்நகரின் நடுவே, நகர்மன்ற மாளிகையின் முன்னர், வெண்பளிங்காலாய பெருநீரூற்று ஒன்று விளங்குகின்றது. அதனை முதன்முறை காண்போர், ‘இச்சதுக்கத்திற்கு இஃது அளவு மிஞ்சியதன்றோ!’ என எண்ணுவர். அவ்வெண்ணம் தவறன்று, அந்நீரூற்று அவ்விடத்திற்கெனச் செய்யப்பட்டதன்று.

பழங்கிரேக்க, உரோமக் கலைகள் புத்துயிர் பெற்ற காலத்தை மறுமலர்ச்சிக் காலம் என்பர். அக்காலத்தில் பிளாரன்சு நகரில் லூயிஜி டி டொலேடோ என்னும் செல்வர் தமக்கென ஒரு பூங்கா அமைத்தார். அதனை அணி செய்யுமாறு 1554ஆம் ஆண்டில் பிரான்செசுகோ கமிலியானி என்னும் சிற்பியைப் பணித்தார். அடுக்கடுக்கான தொட்டிகள், படிக்கட்டுகள், நீர் உமிழும் விலங்குத் தலைகள், ஆடையற்ற தெய்வ உருவங்கள் என நீரூற்று வளர்ந்தது. அவையெல்லாம் ஒருவர் கண்டு மகிழ்வதற்கே!

டொலேடோ 1573இல் அதனைப் பலெர்மோ நகர்மன்றத்தார்க்கு விற்றார். நீரூற்று 644 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, மறு ஆண்டு கடல்வழியே வந்து சேர்ந்தது. வழியில் உடைந்தன சில. விற்றவரே வைத்துக்கொண்டன சில. சதுக்கத்திலோ இடம் போதவில்லை. அதன்பொருட்டு அங்கிருந்த வீடுகள் பல இடிக்கப்பட்டன. அவ்வீடுகளில் வாழ்ந்தோர்க்கு அப்பளிங்கின் அழகு எவ்வாறு தோன்றியிருக்கும்! சிற்பியின் மகன் கமிலோ வந்து, குறைந்தன சேர்த்து, புதிய இடத்திற்கேற்ப அதனை மீண்டும் நிறுவினார்.

பூங்காவில் எவர்க்கும் உறுத்தாத உருவங்கள் பொதுவிடத்தில் உறுத்தின. அருகிலேயே புனித கத்தரீனாள் கன்னியர் மடம் இருந்தது. மக்கள் அவ்விடத்தை ‘வெட்கச் சதுக்கம்’ என்றழைக்கலாயினர். ‘வெட்கம் சிலைகளைப் பற்றியதன்று, ஊர்ப்பணம் வீணானதைப் பற்றியது’ என்பாரும் உளர். சிலைகளின் மூக்கை உடைத்தவர்கள் அம்மடத்துக் கன்னியரே என்று ஒரு கதையும் கட்டிவிட்டனர். பாவம், கப்பற்பயணத்தின் பழி அவர்கள் தலையில் விழுந்தது போலும்!

ஆயினும், ஊரார் அதனைத் தமதாக்கிக்கொண்ட விதம் ஒன்று உண்டு. நீரூற்றில் சாய்ந்து கிடக்கும் ஆற்றுத் தெய்வங்கள் நான்கிற்கும், ஓரேத்தோ, பாப்பிரேத்தோ, கபிரியேலே, மாரெதோல்சே எனத் தம் ஊர் நீர்நிலைகளின் பெயர்களைச் சூட்டினர். அவற்றுள் பாப்பிரேத்தோ ஆறு 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மூடப்பட்டு, நிலத்தடிக் கால்வாயாயிற்று. இன்று அதன்மேல் தெருக்கள் செல்கின்றன. வேற்றூரிலிருந்து வந்த பளிங்குருவமே சதுக்கத்தில் அவ்வாற்றின் பெயரைத் தாங்கிக் கிடக்கின்றது.